கேமராவும் என் சிவப்புப் பேனாவும்

தொழிற்சாலை ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடங்கள் ஆகின்றன. இன்னும் என் நம்பரை வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

"கேமரா வந்தப்ப நீங்க எப்படி மாறிக்கிட்டீங்கன்னு எழுதுங்க ஆண்டி. புதுசா சேர்ந்தவங்க படிச்சா ஒரு உற்சாகம் வரணும்" என்றாள்.

"அப்போ அந்த மூணு நாள் கதைய எழுதவா?"

"அது வேணாமே ஆண்டி. கொஞ்சம் நெகட்டிவ்வா இருக்கும்லா" என்றாள்.

ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன். வேறு எதை எழுதினாலும் அது பிரியாவிடை விருந்தில் படிக்கிற வாழ்த்து மடல் மாதிரி ஆகிவிடும். அதை ஏற்கெனவே எனக்கு ஒரு தடவை படித்துவிட்டார்கள். என் பெயரைத் தவிர எல்லாமே அடுத்தவருக்கும் பொருந்தியது.

என் பெயர் தனலெட்சுமி. பத்து பாகாட் என்ற ஊரில் கறி மசாலா விழுதைப் பையில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அதற்கு முன் இரண்டு வருடம் ஒரு துணித் தொழிற்சாலையில் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். அங்கே ஒரு பொத்தான் போனால் ஒரு பொத்தான்தான் போகும். மசாலாப் பையில் சீல் போனால் பெட்டியே போகும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள எனக்கு முதல் மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடத்தில் நான் கற்றுக்கொண்டதையெல்லாம் சேர்த்தால் இவ்வளவுதான்: கை கழுவு, தலைமுடியை மூடு, தெரியாவிட்டால் கேள்.

சீல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பையில் விழுதை நிரப்பியதும் அதன் வாயைச் சூடான இரண்டு இரும்புத் தாடைகள் கவ்வி ஒட்டும். ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை விழும். அதில் எழுத்து, படம் எதுவும் இருக்காது. அந்தப் பட்டையில் ஒரு சுருக்கம் விழலாம். ஒரு கடுகோ மிளகாய் விதையோ மாட்டிக்கொண்டு மேடு தட்டலாம். பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே காற்றுப் போக வழி கிடைத்துவிட்டால் மூன்று வாரத்தில் பை ஊதிப் பலூனாகிவிடும். வாங்குகிறவர் அடுப்படியில் கத்தரிக்கோலை வைக்கும்போது என்ன நடக்கும் என்பதை நான் வர்ணிக்கவில்லை.

எங்கள் சோதனை முறை இதுதான். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்துப் பையை எடுப்போம். முதலில் விளக்கின் கீழே சாய்த்துப் பார்ப்போம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டுவோம். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் அந்தப் பையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, மூடியைப் பூட்டி, பம்பை ஓட்டிக் காற்றை உறிஞ்சுவோம். ஓட்டை இருந்தால் குமிழ் குமிழாக வரும். கடைசியாக, மிக முக்கியமாக, சிவப்பு மார்க்கர் பேனாவை எடுத்துக் குறை இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட வேண்டும்.

இந்த வட்டத்தைக் கண்டுபிடித்தவர் மிஸ்டர் கோ.

மிஸ்டர் கோ எங்கள் தர மேலாளர். பெக்கோக் என்ற சிற்றூரில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் என்பதால் சின்ன வயதிலேயே தமிழ் பேசப் பழகிவிட்டார். ஆனால் அது முழுக்க முழுக்கக் கடைக்கு வந்தவர்களின் தமிழ். சாமான் வாங்குகிறவர் பேசுவதுதான் அவருக்கு வரும். ஆகவே மேலாளராக எங்களுக்கு உத்தரவு போடும்போதும், "நல்லதா பாத்துக் குடு தவுக்கே" என்பார். தவுக்கே என்றால் கடை முதலாளி. முதலாளியிடம் பேசுவதுபோல் எங்களிடம் பேசும் ஒரே மேலாளர் உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார். கோபம் வந்தால், "இது பழசா?" என்பார். அது எந்தக் கோபத்துக்கும் பொருந்தியது. பழுதான மெஷினைப் பார்த்தும் கேட்பார், தாமதமாக வந்தவரைப் பார்த்தும் கேட்பார்.

அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கெட்ட பை ஏதாவது சோதனையில் தப்பி அவர் கையில் மாட்டினால் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பிறகு நாள் முழுக்க அதோடு உலாத்துவார். யார் லைனில் தப்பியது என்று யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் கன்டினுக்கு வந்து, ஒருத்தியின் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பையை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். அவ்வளவுதான். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. மற்றவர்கள் இரண்டாவது தடவை குழம்பு கேட்பார்கள்.

நான் சேர்ந்து நாலாவது வருடம் அந்தச் சட்டைப்பையில் ஒரு விபத்து நடந்தது. நான் பிடித்து வட்டம் போட்டு வைத்த ஒரு பையை, எல்லோருக்கும் காட்டலாம் என்று அவர் சட்டைப்பையில் வைத்திருந்தார். அப்படியே தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களோடு கூட்டத்துக்குப் போய்விட்டார். மேசையில் சாய்ந்து ஏதோ ஒரு தாளைக் காட்டியபோது பை நசுங்கியது. வெள்ளைச் சட்டையில், சரியாக இடது மார்பில், மஞ்சளும் சிவப்புமாக எண்ணெய் படர ஆரம்பித்தது. குறிப்பெழுத உட்கார்ந்திருந்த பெண் அலறிவிட்டாள். மாரடைப்பு வந்தால் மசாலா வாடை அடிக்காது என்று அவளுக்குத் தெரியவில்லை. மிஸ்டர் கோ குனிந்து பார்த்தார். பையை மெதுவாக வெளியே எடுத்தார். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். என் சிவப்பு வட்டத்துக்கு நட்ட நடுவிலிருந்து சொட்டியது.

"வட்டம் சரியான இடத்துலதான் இருக்கு" என்று வந்தவர்களிடம் மலாயில் சொன்னாராம்.

அடுத்த மாதம் என்னைச் சோதனைப் பிரிவுக்குத் தலைவியாக்கினார். சட்டையைத் துவைத்து, கறை போகாததால், தன் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் மாட்டிவைத்தார். கடைசிவரை அது அங்கேதான் தொங்கியது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டி, "கெட்டதுன்னு சொல்லாத. எங்கே கெட்டதுன்னு காட்டு" என்பார்.

நான் அந்த விதியைச் சும்மா பின்பற்றவில்லை, மதமாகவே ஆக்கிவிட்டேன். என் கீழ் வேலை செய்த பதினான்கு பெண்களும் கழுத்தில் தாலி இருக்கிறதோ இல்லையோ சிவப்புப் பேனாவைக் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். வட்டம் கோணலாக இருந்தால் திருப்பி அனுப்புவேன். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் பில்லில் வட்டம், மகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரியில் வட்டம். ஒருநாள் வீட்டுக்காரரின் சட்டையில் ரசக் கறையைப் பார்த்து என்னை அறியாமல் வட்டம் போட்டுவிட்டேன். மனிதர் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "கறை ஒரு தண்ணியில போயிரும். உன் வட்டம் எந்தத் தண்ணியில போகும்?" என்று கேட்டார்.

இத்தனையும் சொன்னதற்குக் காரணம், பின்னால் நடந்ததற்கு நான் எவ்வளவு பொருத்தமானவள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான்.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது கேமரா வந்தது. லைனின் முடிவில் ஒரு கறுப்புக் கூண்டு. உள்ளே பளிச்சென்று விளக்கு, மேலே கேமரா, பக்கத்தில் ஒரு காற்றுக் குழாய். பை உள்ளே போகும், கேமரா சீலைப் படம் எடுக்கும், கெட்டதாக இருந்தால் குழாய் புஸ்ஸென்று ஊதிப் பையைத் தொட்டியில் தள்ளும். அரை மணிக்குப் பத்துப் பை இல்லை, ஒவ்வொரு பையையும் அது பார்க்கும். என் தோழி ரொஸ்னா முதல் நாள் கூண்டுக்கு முன்னால் நின்று தலையை மூடிய தூடோங்குத் துணியைச் சரிசெய்துகொண்டாள். நானும் அவளும் இருபது வருடமாக ஒரே லைன். மலாய்தான் பேசிக்கொள்வோம், இங்கே தமிழில் தருகிறேன். "நம்மளத்தான் ஒருத்தரும் படம் எடுக்கல, மசாலாவுக்கு வந்த வாழ்வப் பாரு" என்றாள்.

கேமராவைப் பொருத்த வந்தவள் ஷாமினி. ஸ்கூடாயில் பொறியியல் படித்துவிட்டு, கேமரா விற்கும் நிறுவனத்தில் சேர்ந்த பெண். வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாகச் சாப்பிடுவாள். "நான் தனியா செய்ற முதல் லைன் இது ஆண்டி. நல்லா வந்தா வேலைய நிரந்தரமாக்குவாங்க" என்று நாசி லெமாக் சோற்றை விழுங்கிக்கொண்டே சொன்னாள்.

கேமராவுக்கு எதுவும் தெரியாது, நாம்தான் சொல்லித்தர வேண்டும் என்றாள். நல்ல சீல் எப்படி இருக்கும், கெட்டது எப்படி இருக்கும் என்று நூற்றுக்கணக்கில் படம் காட்டினால் அதுவாகவே வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுமாம்.

"நல்லது நெறைய கெடைக்கும். கெட்டதுக்குத்தான் எங்க போறதுன்னு தெரியல ஆண்டி" என்றாள்.

நான் சிரித்தேன். கெட்டதையே தேடி முப்பது வருடம் ஓட்டியவளிடம் கேட்கிற கேள்வியா இது?

மாதாந்திரக் கூட்டத்துக்காகக் கெட்ட பைகளை அலமாரியில் சேர்த்துவைப்பது எங்கள் வழக்கம். அவ்வளவையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினேன். போதவில்லை என்றாள். ரொஸ்னாவும் நானும் உட்கார்ந்து புதிதாகவே செய்தோம். தாடைக்குள் பை போகும்போது ஒன்றில் மிளகாய் விதை, ஒன்றில் வெங்காயத் தோல், ஒன்றில் எண்ணெய்ச் சொட்டு. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே கெட்ட வேலை செய்தேன். அதில் ஒரு தனி சுகம் இருக்கத்தான் செய்தது. செய்து முடித்ததும் முறைப்படி எல்லாவற்றிலும் சிவப்பு வட்டம் போட்டேன். கேமரா முன்னால் நிற்கப் போகிற பைகள் ஆயிற்றே என்று வளையல் மாதிரி உருட்டி உருட்டிப் போட்டேன்.

ஷாமினிக்கு ஒரே சந்தோஷம். "எங்க பாக்கணும்னு நீங்களே காட்டிட்டீங்க. எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றாள். இதை இங்கே எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். எழுதச் சொன்னாள்.

பாடம் முடிந்தது. பரீட்சை வைத்தாள். அதே குவியலில் ஒதுக்கிவைத்த பைகளை ஒவ்வொன்றாக விட்டாள். நல்லது எல்லாம் போனது. கெட்டது எல்லாம் புஸ், புஸ் என்று தொட்டியில் விழுந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லோரும் கைதட்டினோம். ரொஸ்னா கூவேப் பலகாரம் கொண்டுவந்தாள், நான் வடை சுட்டுக் கொண்டுபோனேன். மிஸ்டர் கோ மட்டும் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, வடையைக் கடித்தபடி, "நல்லாத்தான் பாக்குது" என்றார். அவர் குரலில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. வடையில் உப்பு என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கேமரா வேலையை ஆரம்பித்தது. அந்த லைனில் கை சோதனையை நிறுத்திப் பெண்களை அடுத்த லைனுக்கு மாற்றினார்கள். அந்த மூன்று நாள் சரக்கு புதன்கிழமை மாலை நாலு மணிக்குக் கன்டெய்னரில் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆள் வந்து கேமராவைப் பார்ப்பார். கன்டெய்னர் புறப்படும் தாளில் வழக்கம்போல் என் கையெழுத்து. தலைவியான நாளிலிருந்து நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு கன்டெய்னரும் திரும்பி வந்ததில்லை. எனக்குப் பட்டமும் இல்லை, பதக்கமும் இல்லை. அந்த ஒன்றைத்தான் ஓய்வு நாளில் வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்திருந்தேன்.

திங்கள் மாலை தொட்டியைப் பார்த்தேன். காலி. செவ்வாயும் காலி. கெட்ட பை ஒன்றுகூட இல்லாத நாளை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கர்வம். "கேமரா பாக்குதுன்னு தெரிஞ்சதும் மெஷின்கூட ஒழுங்கா வேலை செய்யுது பாத்தியா" என்று ரொஸ்னாவிடம் சொன்னேன். இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ரொஸ்னா அந்த இரண்டு நாளும் லீவில் இருந்தாள், அக்கா மகள் கல்யாணம். போனில்தான் பெருமையடித்தேன். புதன் காலை அவள் வந்தாள். பத்து விரல் நுனியிலும் மருதாணி, செக்கச் சிவப்பு. கையுறை போட்டிருந்தாலும் அந்த மெல்லிசு உறைக்குள்ளே அப்படியே தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைக் கூண்டுக்கு முன்னால் நிறுத்தினேன். பை சாய்ந்து வந்தால் கூண்டுக்குள் விரலை விட்டு நிமிர்த்திவிடுவதுதான் வேலை.

கொஞ்ச நேரத்தில் புஸ் என்று சத்தம். திரும்பிப் பார்த்தேன். சில நிமிடம் கழித்து மறுபடியும் புஸ்.

"அலமாக், நான் தொட்டா தள்ளிவிடுது. இதுக்கு என்ன கண்டா பிடிக்கல" என்றாள் ரொஸ்னா.

எல்லோரும் சிரித்தார்கள். கல்யாண வீட்டுக்குக் கேமராவை அழைக்கவில்லை, அதுதான் கோபம் என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டே தொட்டியில் கைவிட்டு ஆறு பையை எடுத்தேன். விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். கண்ணை மூடிக் கட்டைவிரலை ஓட்டினேன். ஆறும் அருமையான சீல். நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

ரொஸ்னாவின் விரல்களைப் பார்த்தேன். வட்ட வட்டமாகச் சிவப்பு. என் கழுத்தில் தொங்கிய பேனாவைப் பார்த்தேன்.

ஒரு நல்ல பையை எடுத்து அதில் சிவப்பாக ஒரு வட்டம் போட்டு உள்ளே விட்டேன். புஸ். பிறகு நாங்களே செய்த கெட்ட பையில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து, சீலில் வெங்காயத் தோல் கிழக்கே ஒரு முனை மேற்கே ஒரு முனையாகத் துருத்திக்கொண்டிருக்க, ஸ்பிரிட் தொட்டு வட்டத்தை மட்டும் அழித்துவிட்டு உள்ளே விட்டேன். ராஜாவாட்டம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

கேமரா சீலைப் பார்க்கவே இல்லை. நான் சொல்லித்தந்ததை அப்படியே கற்றுக்கொண்டிருந்தது. கெட்ட பை என்றால் சிவப்பு வட்டம் இருக்கும், வட்டம் இல்லாவிட்டால் நல்ல பை. மெஷினிலிருந்து அப்போதுதான் வருகிற பையில் யார் வந்து வட்டம் போட்டுவைப்பார்கள்? மூன்று நாளாக அது எல்லாவற்றையும் விட்டுக்கொண்டிருந்தது. மணி இரண்டேகால். நாலு மணிக்குக் கன்டெய்னர்.

கன்டெய்னர் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று எடுத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

ரொஸ்னாவுக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தள்ளிக்கொண்டு போய், "கேமரா ரோசாக், கெட்டுப்போச்சுன்னு சொல்லு. அவ்வளவுதான் சொல்லணும். வட்டத்தப் பத்தி யாருக்குத் தெரியும்?" என்றாள்.

நல்ல யோசனைதான். கெட்டுப்போனது மெஷின். மெஷின் வந்து மறுத்துப் பேசாது. சொல்லப்போனால் ஒரு நிமிடம் அந்த வாக்கியத்தை மனதில் சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் கேமரா கெட்டுவிட்டது என்றால் அடுத்த கேள்வி யார் பொருத்தினார்கள் என்பது. நாசி லெமாக்கை விழுங்கிக்கொண்டே அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அதோடு, கெட்டது என்று சொல்லாதே, எங்கே என்று காட்டு என்று பதினான்கு பேரை இத்தனை வருடம் படுத்தி எடுத்தவள் நான். எனக்கு மட்டும் தனி விதியா?

வட்டம் போட்ட அந்த நல்ல பையை எடுத்துக்கொண்டு மிஸ்டர் கோவின் அறைக்குப் போனேன். அவர் பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார். அவர் எங்களுக்குச் செய்வதுபோலவே பையை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் எடுத்து விரலை ஓட்டினார். "இது நல்லதுதானே?"

"நல்லதுதான் மிஸ்டர் கோ. அதான் பிரச்சினையே."

எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரிப் பை, வெங்காயத் தோல், வளையல் மாதிரி வட்டம், ரொஸ்னாவின் மருதாணி. பிஸ்கட் காப்பிக்குள் உடைந்து விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"எத்தன நாளு?"

"மூணு நாள் சரக்கும்."

போனை எடுத்துக் கிடங்குக்குச் சொன்னார், "கன்டெய்னரை நிறுத்து." பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். "வா தவுக்கே. நல்லதா பாப்போம்."

அன்று பிற்பகலும் மறுநாள் முழுதும் மூன்று நாள் சரக்கையும் பெட்டி பெட்டியாகப் பிரித்தோம். பதினான்கு பெண்கள், ரொஸ்னா, நான், மிஸ்டர் கோ. செய்தி கேட்டு முகம் வெளுத்து ஓடிவந்த ஷாமினியும் உட்கார்ந்தாள். கண்ணை மூடி விரலை ஓட்ட அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். முதல் அரை மணி நேரத்துக்கு நல்ல பைகளையெல்லாம் கெட்டது என்று ஒதுக்கினாள்.

திடீரென்று ஷாமினி எழுந்து நின்றாள். "ஆண்டி, கெட்டது கெடைச்சா யாரும் வட்டம் போடக் கூடாது. இதுங்களத்தான் கேமராவுக்கு மறுபடி காட்டணும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர் போட்டுவிட்டார்கள். முப்பது வருடப் பழக்கம், கை கேட்குமா? "பேனாவெல்லாம் கழட்டுங்க" என்று கத்தினேன். ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் எல்லாப் பேனாவையும் வசூலித்தேன். கடைசியாக என்னுடையதைக் கழற்றியபோது கழுத்தே வெறிச்சென்று ஆனது. டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மேசைக் கோடியில் மிஸ்டர் கோ ஒரு பையை விளக்கில் தூக்கிப் பார்த்தார். பிறகு கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே அவருடைய சொந்தப் பேனா. அதை யாரும் வசூலிக்கவில்லை, அவரிடம் கேட்க யாருக்குத் தைரியம்? மூடியைக் கழற்றி, நிதானமாக, அழகாக ஒரு வட்டம் போட்டார். போட்ட பிறகுதான் தலையைத் தூக்கினார். பதினேழு பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் பையைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். பேனாவை மேசையின்மேல் என் பக்கமாக உருட்டிவிட்டார். "இது பழசு" என்று தன்னையே காட்டினார். அப்புறம்தான் சிரித்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த லைனிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது.

வியாழன் மாலை முடிந்தபோது ஒரு பெட்டி நிறையக் கெட்ட பைகள் கிடைத்திருந்தன, வட்டம் இல்லாமல். அவ்வளவும் கடல் தாண்டி யாரோ ஒருவர் அடுப்படியில் வெடித்திருக்கும். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளரின் ஆள் வந்தார். மிஸ்டர் கோ ஒன்றையும் மறைக்கவில்லை. சிவப்பு வட்டம் போட்ட நல்ல பையைக் கூண்டுக்குள் விட்டே காட்டினார். புஸ் என்றதும் அந்த மனிதர் திடுக்கிட்டு, பிறகு என்னையும் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கை சோதனை முடிந்த சரக்கை அடுத்த வாரம் அனுப்பச் சொன்னார். கேமராவைச் சரிசெய்து காட்டும்வரை புது ஆர்டர் கிடையாது என்றும் சொன்னார். அதில் அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஷாமினி அந்தப் பெட்டியை வைத்துக் கேமராவுக்கு முதலிலிருந்து பாடம் நடத்தினாள். இந்தத் தடவை பரீட்சைக்கு வைத்த பைகளை அன்றன்றைக்கு லைனிலிருந்தே எடுத்தாள், என்னைப் பக்கத்தில் விடவில்லை. இரண்டு மாதத்தில் ஆர்டர் வந்தது. அவள் வேலையும் நிரந்தரமானது. இப்போது அந்தக் கேமரா என்னைவிட நன்றாகப் பார்க்கிறதாம், அதற்குக் கண்ணாடி மாற்ற வேண்டியதில்லை, கழிவறைக்குப் போக வேண்டியதில்லை. ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தொட்டி காலியாக இருந்தால் வடை சுடாதீர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை, வாடிக்கையாளரின் ஆள் கிளம்பிய பிறகு, சம்பவ அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பேனாவை எடுத்து என் பெயரை எழுதினேன். எட்டு மாதத்தில் வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்த நல்ல பெயர் அந்தக் கட்டத்தோடு போகிறது என்று நினைத்துக்கொண்டேன். தாளை மிஸ்டர் கோவின் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"தனம். சாவி குடு" என்றார். "ஒரு பேனா வேணும்."

அலமாரியைத் திறந்து ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். எனக்குப் புரிந்தது, விதி விதிதான். தப்பு எங்கே என்று காட்டித்தான் ஆக வேண்டும். அவர் முதலில் நீலப் பேனாவால் என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். பக்கத்தில், 'வட்டம் போடச் சொன்னவர்' என்று மலாயில் ஒரு வரி. பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து வட்டம் போட்டார். அவர் பெயருக்கு மட்டும். என் பெயர் வெளியே, வெள்ளைத்தாளில், சுத்தமாக நின்றது.

கதவுக்குப் பின்னால் மஞ்சள் கறையோடு அந்தச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினேன். மேலாளர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியது அது ஒரு தடவைதான்.

முப்பத்தொரு வருடத்தில் அவர் போட்ட வட்டம் எதுவும் தப்பான இடத்தில் விழுந்ததில்லை. இது ஒன்றுதான் சின்னதாகப் போய்விட்டது. என் பெயரும் உள்ளே வருகிற அளவுக்கு அதைப் பெரிதாக்கினேன்.